பெட்ரோல் பிக்கப்புக்குச் சைலன்சர்: போன் ஸ்பீக்கரில் வராத சத்தம்

(திரையில்: இருட்டில் நிற்கும் சில்வராடோ. ஸ்டார்ட் ஆகும் சத்தம், பத்து நொடி.)

மக்களே, எப்படி இருக்கிறது சத்தம்? கேட்கும்போதே ஆசை வருகிறது இல்லையா? ஷார்ஜாவில் இருக்கிற என் அத்தானும் இந்த மாதிரி ஒரு கிளிப்பைப் பார்த்துத்தான் தன் வண்டிக்குச் சைலன்சர் மாற்றினார். செவர்லே சில்வராடோ பிக்கப், 5.3 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், பெட்ரோல். மூன்றாவது வாரம் மார்த்தாண்டத்தில் என் பட்டறைக்கு போன் வந்தது: "மாப்ள, தலை இடிக்குடே. உங்க அக்கா வண்டியில ஏறவே மாட்டேங்கா."

நம்ம ஊர் ரோட்டில் ஓடுகிற டி-மேக்ஸ், ஹைலக்ஸ் எல்லாம் டீசல், அதனால் இந்தப் பிரச்சினை இங்கே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிற நம்ம மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டபடியே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் அந்தத் தலைவலி. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் காரில் போகும்போது பின் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கிப் பாருங்கள், காதுக்குள்ளே வுப் வுப் வுப் என்று யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கும். சத்தம் பெரிதில்லை, அமுக்கம்தான் பெரிது. சைலன்சர் மாற்றிய பிக்கப்பின் கேபினுக்குள் ஹைவேயில் வருவதும் அந்த ஜாதிதான். இங்கிலீஷ்காரன் இதை ட்ரோன் என்கிறான், நாம் இரைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

(திரையில்: கரும்பலகையில் கணக்கு.)

எங்கிருந்து வருகிறது? வி8 இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு தடவை வெடிக்கும். 1800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 30 சுற்று, ஆக 120 வெடிப்பு, அதாவது 120 ஹெர்ட்ஸ். சில்வராடோவின் 5.3 லிட்டர் இன்ஜினிலும் ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினிலும் பெட்ரோலை மிச்சப்படுத்த, லேசாக ஓடும்போது எட்டு சிலிண்டரில் நான்கு தூங்கிவிடும் ஏற்பாடு உண்டு. அந்த நேரத்தில் 120 என்பது 60 ஆகிவிடும். இவ்வளவு தாழ்ந்த சத்தத்தை அடக்குவதுதான் எந்தச் சைலன்சருக்கும் கஷ்டம், போன் ஸ்பீக்கரோ அதை வெளியே விடவே விடாது. அத்தான் பார்த்த கிளிப் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் தலையை இடித்த பகுதி அந்தக் கிளிப்பில் இல்லை.

சரி, என்ன வாங்குவது? நம்மூரில் முழுக் குழாயையும் சைலன்சர் என்போம், ஆனால் உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது: புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், சத்தத்தின் ஓரத்தைச் சீவுகிற ரெசொனேட்டர், கடைசியில் மஃப்ளர் என்கிற பெரிய டப்பா. கடையில் கேட்-பேக் என்று விற்பது கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற எல்லாம். அங்கேதான் கை வைக்க வேண்டும். கன்வர்ட்டரைக் கழற்றுங்கள் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அமெரிக்காவில் அது சட்ட விரோதம், போதாததற்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடும்.

மஃப்ளரில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். அறை வைத்தது, அதாவது உள்ளே தகடுகளில் புகை முட்டி முட்டித் திரும்பும், ஃப்ளோமாஸ்டர் பிரபலமானது இந்த வகையில்தான். பழைய வி8 உறுமல் அதில் வரும், இரைச்சலும் கூடவே வர வாய்ப்பு அதிகம். இன்னொன்று நேர்குழாய், நடுவில் ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி இழைப் பஞ்சு, மேக்னாஃப்ளோ மாதிரி. இது கீச்சுச் சத்தத்தை நன்றாகத் தின்னும், தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகத் தின்னாது, அதனால் டப்பா எவ்வளவு நீளமோ பெரிதோ அவ்வளவு நல்லது. மட்டமான பஞ்சு நாளாவட்டத்தில் வெந்து பறந்துவிடும், வாங்கிய மாதத்தில் இருந்த சத்தம் அடுத்த வருஷம் இருக்காது.

இரைச்சலுக்கென்றே ஒரு மருந்து உண்டு. குழாயின் பக்கத்தில் முனை அடைத்த கிளைக் குழாய் ஒன்றை வெல்டிங் வைப்பது, ஜே-பைப் என்பார்கள். உள்ளே போன அலை திரும்பி வந்து எதிர் அலையோடு மோதி அடங்கும். நீளம் அலையின் கால் பங்கு. சூடான புகையில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் 120 ஹெர்ட்ஸுக்குச் சுமார் ஒரு மீட்டர், 60 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மீட்டர். ஸ்பேர் டயரும் பெட்ரோல் டேங்கும் தொங்குகிற அடிவயிற்றில் இரண்டு மீட்டருக்கு இடம் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

குழாயின் அளவு பற்றி ரொம்ப அலட்ட வேண்டாம். 355 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மூன்று அங்குல ஒற்றைக் குழாய் தாராளம். கேட்-பேக் மாற்றினால் சக்தி கூடுமா என்றால், பத்து குதிரை கூடினாலே பெரிது. காசு கொடுப்பது சத்தத்துக்குத்தான், அதை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும்.

(திரையில்: காந்தமும் இரண்டு குழாய்த் துண்டுகளும்.)

இரும்பு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவருக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஷார்ஜா காற்றும் அப்படித்தான். அலுமினியம் பூசிய இரும்பு மலிவு, வெல்டிங் வைத்த இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும். 409 ஸ்டெயின்லெஸ் நடுத்தரம், அதில் குரோமியம் 11 சதவீதம் போல, மேலே பழுப்பு ஏறும், சீக்கிரம் ஓட்டையாகாது. 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8, கடலோரத்துக்கு இதுதான் சரி. கடைக்காரர் 304 என்றால் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுங்கள்: இதோ இந்தத் துண்டில் டக்கென்று ஒட்டுகிறது, இது 409. இந்தத் துண்டில் வழுக்கி விழுகிறது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாகப் பிடிக்கிறது, அது பரவாயில்லை, இது 304.

அபராதத்தையும் கணக்கில் சேருங்கள். அமீரகத்தில் சத்தம் போடும் வண்டிக்கு 2000 திர்ஹாம், லைசென்ஸில் 12 கறுப்புப் புள்ளி.

அத்தான் கடைசியில் என்ன செய்தார் என்றால், கழற்றி வீசிய ரெசொனேட்டரைத் திரும்ப மாட்டி, நீளமான நேர்குழாய் மஃப்ளர் வைத்தார். ஆனால் இந்தத் தடவை கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துக் காசு கொடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹைவேயில் 100-இல் ஓட்டி, பின் சீட்டில் அக்காவை உட்கார வைத்து, அவள் தலையாட்டிய பிறகுதான் கொடுத்தார். அந்த வண்டியின் கிளிப்பும் அனுப்பியிருக்கிறார், இங்கே போடவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமே தெரியவில்லை.