அடிபம்பு ஊன்றிய பிறகு

வணக்கம் நேயர்களே. மலாவி நாட்டுக் கிராமங்களில் குடிதண்ணீர் என்றால் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் அதன்மேல் நிற்கும் ஆப்ரிதேவ் அடிபம்பும்தான். 250 பேருக்கு ஒரு பம்பு என்பது அங்குள்ள கணக்கு. அது ஒரு வாரம் படுத்துவிட்டால் அத்தனை பேரும் ஆற்றுக்கும் மூடாத ஊற்றுக்கும் போகிறார்கள். வயிற்றுப்போக்கும் காலராவும் அந்த வழியில்தான் வருகின்றன.

நமக்குப் பழக்கமானது இந்தியா மார்க் 2. 1970களில் யுனிசெப் உதவியோடு உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்ட பம்பு. ஆப்பிரிக்காவிலும் பரவலாக ஊன்றியிருக்கிறார்கள். நன்றாக உழைக்கும். ஆனால் அடியில் ஒரு வாசர் மாற்றுவதற்குக்கூட கனமான இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். நிலத்தடி நீரின் பிஹெச், அதாவது புளிப்புத் தன்மையைக் காட்டும் அளவு, 6.5க்குக் கீழே இருந்தால் துத்தநாகம் பூசிய கால்வனைஸ் இரும்புக் குழாயை அது அரிக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும், துணியில் கறை பிடிக்கும், வாயில் இரும்பு ருசி நிற்கும். கிருமி இல்லாத தண்ணீர்தான். ஆனாலும் ஊர்ப் பெண்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பழைய ஊற்றுக்கே போய்விடுவார்கள். அதனால் குழாய் வாங்கும் முன்பே பிஹெச் பார்த்துவிட வேண்டும்.

ஆப்ரிதேவ் 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் கிராமங்களில் வைத்தே சோதித்து உருவாக்கப்பட்டது. 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய், அதனால் துருவுக்கு இடமில்லை. பிஸ்டனைக் குழாய் வழியாகவே மேலே எடுத்துவிடலாம். ஒரே ஒரு ஸ்பேனரும், குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் கால்வால்வைப் பிடித்துத் தூக்கும் கொக்கியும் போதும். ஊர்ப் பெண்களே பழகிக்கொண்டு செய்கிறார்கள். 45 மீட்டர் ஆழம் வரைதான் இது சரிப்படும்.

எனக்கு அதிகம் கவலை தருவது மணல். போர் போட்டதும் கம்ப்ரசரால் ஊதி, தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். அவசரத்தில் அதை அரைகுறையாக விட்டால், உள்ளே வரும் மணல், பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் யூ சீல் என்ற வளையத்தைத் தேய்த்துத் தின்றுவிடும். வெள்ளை பக்கெட் நிறைய தண்ணீர் பிடித்து, கையால் சுழற்றி விட்டுப் பாருங்கள். நடுவில் மணல் குவிந்தால் அந்தக் கிணற்றை ஒப்புக்கொள்ளவே கூடாது.

ஓடுகிற பம்பின் உடம்பு எப்படி என்று அடித்தே தெரிந்துகொள்ளலாம். முழு வீச்சில் அடித்தால் ஒரு அடிக்கு 440 மில்லி அளவு வரும். 20 லிட்டர் கேன் 45, 50 அடிகளில் நிரம்ப வேண்டும். 70 அடி ஆகிறதென்றால் பெரும்பாலும் பிஸ்டனின் யூ சீல் தேய்ந்திருக்கும். அளவு சரியாக இருந்து, அரை மணி நேரம் சும்மா நின்ற பிறகு வெறுமனே பல அடி அடித்தால்தான் தண்ணீர் வருகிறதா? கால்வால்வில் கசிவு. அதன் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தையும், வால்வைத் திறந்து மூடும் பாபினையும் மாற்றிய பிறகும் அப்படியே இருந்தால், குழாய் இணைப்பு பசை சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். யூ சீலை ஆண்டுக்கு ஒருமுறை, தேயும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போதே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, பாகங்களை வாங்கி வைத்துவிட வேண்டும்.

பம்பைத் திறந்து மூடியபின் குளோரின் போடாமல் விடாதீர்கள். பிஸ்டனை இழுக்கும் ராடும் குழாயும் தரையில் கிடந்தவை, பலர் கைபட்டவை. கிணற்றின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், நீர் நிற்கும் உயரம் 30 மீட்டர் என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 235 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 70 சதவீதம் குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் தூளில் 17 கிராம் போதும். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் குளோரின் வாசனை போகும்வரை அடித்து வெளியேற்றிய பிறகே குடிக்கப் பிடிக்கலாம்.