போட்டி டென்ஷன் குறைய என்ன சாப்பிடலாம்?

வணக்கம் நண்பர்களே. "ஸ்ட்ரெஸ் குறைய என்ன சாப்பிடலாம்?" விளையாட்டு வீரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். டார்க் சாக்லேட் நல்லதா, மெக்னீசியம் மாத்திரை போடலாமா என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: நாள் முழுக்க வயிறாரச் சாப்பிடுகிறீர்களா?

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்தால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனைச் சுரக்கும். அணியில் இடம் கிடைக்குமா என்ற கவலைக்கும் அதே கார்டிசால்தான். சாப்பிடாமல் இருந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், அதை மேலே ஏற்றவும் அதே கார்டிசால் வரும். ஆக, பயிற்சியும் கவலையும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும் உடம்பில் பட்டினியும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது.

செலவாகும் சக்திக்கு ஏற்றபடி சாப்பிடாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் கொடுத்தது. காரணமில்லாத எரிச்சல், கெட்டுப்போன தூக்கம், அடிக்கடி வரும் சளி, எலும்பில் விரிசல் என்று அது பல பக்கம் தலைகாட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். "கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும், அது பயிற்சியாளராகவே இருந்தாலும், தயவுசெய்து கேட்காதீர்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கும் இது வரும். வெளியே தெரியும் அடையாளம் குறைவு என்பதால் கண்டுபிடிக்க நாளாகும், அவ்வளவுதான்.

சரி, என்ன சாப்பிடுவது? எடை குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் கைவைப்பது மாவுச்சத்தில். கடும் பயிற்சிக் காலத்தில் அதைத் தொடாதீர்கள் என்பேன். நீண்ட நேரப் பயிற்சியின் நடுவே மாவுச்சத்து எடுத்துக்கொண்டால் கார்டிசால் ஏறுவது மட்டுப்படும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பது கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் கிட்டத்தட்ட 25 கிராம் இருக்கிறது.

அப்புறம் போட்டி நாள் காலை. பத்து மணிக்கு ஓட வேண்டும், ஆறு மணிக்கு எழுந்தாயிற்று. வாய் உலர்ந்து கிடக்கிறது, ரொட்டியைக் கடித்தால் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது, குமட்டுகிறது. நீங்கள் கோழை என்று இதற்கு அர்த்தமில்லை. பதற்றத்தில் உடம்பு குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. அதனால்தான் மூன்று நான்கு மணி நேரம் முன்பே, கொழுப்பும் நாரும் குறைந்த, பழகிய உணவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். மெல்லவே முடியவில்லையா? பாலும் வாழைப்பழமும் அடித்து மிடறு மிடறாகக் குடியுங்கள். ஆனால் அதையும் பயிற்சி நாட்களிலேயே குடித்துப் பார்த்திருக்க வேண்டும். போட்டி நாளில் புதிதாக எதுவும் வேண்டாம்.

காபி பற்றியும் சொல்லிவிடுகிறேன். காஃபீன் ஆட்டத்துக்கு உதவும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சு இன்னும் படபடக்கும், தூக்கமும் போகும். பதற்றக்காரர்கள் மாலைக் காபியை விட்டுவிடுவது நல்லது.

மெக்னீசியத்துக்குக் கொட்டைகள், விதைகள், கீரை போதும். இரும்புச்சத்து மாத்திரையை ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள். ஸ்ட்ரெஸ் போக்கும் பொடிகளில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால் தடை உங்கள் தலையில்தான் விழும்.

கடைசியாக, சாப்பாட்டை நினைத்தாலே பயமாக இருப்பவர்களுக்கு. ஒரு கவளம் அதிகம் சாப்பிட்டதற்குத் தண்டனையாகக் கூடுதலாக ஓடுகிறீர்கள், எடை மெஷினில் ஒரு நாளைக்குப் பல முறை ஏறுகிறீர்கள் என்றால், என் வீடியோவை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரிடமோ விளையாட்டு உணவியல் நிபுணரிடமோ உங்களோடு வரச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.