வாடிவீடும் அதைப் பார்த்துக்கிட்டவங்களும்

(காட்சி: வராண்டா. சாய்மனைக் கதிரை, நெருக்கத்தில்.)

இந்தக் கதிரையோட கையைப் பாருங்க. உள்ளே மடங்கியிருக்கிற கட்டையை வெளியே திருப்பினா இன்னும் ஒரு முழம் நீளும். சப்பாத்தைக் கழட்டிட்டு ரெண்டு காலையும் தூக்கி அது மேல போட்டுக்கலாம். நாள் முழுக்கக் குதிரையில குலுங்கி வந்த உடம்புக்கு இது சொர்க்கம்.

இந்தக் கதிரை கிடக்கிறது ரெஸ்ட் ஹவுஸ்ல, அதாவது பயணத்துல இருக்கிறவங்க தங்குற அரசாங்க விடுதியில. அதுக்கு நம்ம இலங்கையில பேரு வாடிவீடு. கடற்கரையில மீன்காரங்க கொட்டகையை மீன்வாடின்னு சொல்றோமே, அதே வாடிதான்.

(காட்சி: கடுகண்ணாவை ஏற்றம்.)

1815ல கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. மலைக்குப் பட்டாளத்தை ஏத்த ரோடு வேணும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்துல கொழும்பு–கண்டி வீதி போட்டாங்க. 1832ல அதுல குதிரைத் தபால் வண்டி ஓடுச்சு. அப்புறம் மலைக்குள்ள ரோடு நீள நீள வாடிவீடும் முளைச்சுது. புசல்லாவை, பெலிஹுல்ஓயா, எல்ல...

அந்தக் காலத்துல வாடிவீட்டைப் பார்த்துக்கிட்ட வாடிவீட்டுக்காரரை முதலாளின்னு நினைச்சிடாதீங்க. கட்டடம் அரசாங்கத்துது, கட்டணமும் அரசாங்கம் குறிச்சதுதான். கடமையில உத்தியோகத்தர் வந்தா அவருக்குத்தான் முதல் அறை. வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் கோழியைத் துரத்துவாங்க! மேசைக்கு முதல்ல வர்ற 'மல்லிகட்டோனி' சூப் என்னன்னு நினைக்கிறீங்க? நம்ம மிளகுத்தண்ணிதான். துரை நாக்குல உருண்டு அப்படி ஆயிருச்சு.

அதே காலத்துல தமிழ்நாட்டுல இருந்து கூலி வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க மன்னார்ல இறங்கி, காடு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, கோப்பித் (காபி) தோட்டத்துக்கு. அவங்களுக்கு வராண்டாவும் இல்ல, கதிரையும் இல்ல. மரத்தடியில படுத்தாங்க, வாந்திபேதியில வழியிலேயே போனவங்க ஏராளம். வழிப்போக்கருக்கு ஊர்க்காரங்க கட்டிவிட்டது அம்பலம். கூரையும் தூணும்தான், காசு கேட்க ஆள் கிடையாது. கடுகண்ணாவையில ரோட்டோரமா ஒண்ணு இன்னும் நிக்குது. என்னைக் கேட்டா, அந்தக் கதிரையைவிட இந்தத் தூணுக்குத்தான் மரியாதை.

(காட்சி: நீராவி ரயில்.)

ரயில் 1867ல கண்டிக்கு, 1885ல நானுஓயாவுக்கு, 1924ல பதுளைக்கு வந்துச்சு. ரோட்டுல ராத்தங்க வேண்டிய அவசியம் குறைஞ்சுது. பிறகு மோட்டார் கார் வந்து, வாடிவீடு பகல் சாப்பாட்டுக்கு நிறுத்துற இடமாச்சு. சோறு, கோழிக்கறி, கடைசியா கரமல் புடிங். 1966ல சட்டம் போட்டு ஹோட்டல் கூட்டுத்தாபனம் அமைச்சாங்க. பல வாடிவீடு அதுக்குக் கீழ போச்சு.

இப்ப எல்லவுக்குப் போனா தெருவுக்குத் தெரு கெஸ்ட் ஹவுஸ். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்துல இருந்து வர்ற பிள்ளைங்க பலர் அங்க வேலை செய்றாங்க. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, வெள்ளைக்காரனோட பேரைப் புத்தகத்துல எழுதிக்கிறாங்க.