சிலந்திக்கு எந்த வழி கிட்டம்? அறையையே பிரித்துப் போட்டால் விடை கிடைக்கும்!

வணக்கம் நண்பர்களே! ஓர் அறை. 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம். சின்னச் சுவர் ஒன்றின் நடுவில், கூரைக்கு 1 அடி கீழே ஒரு சிலந்தி. எதிர்ச்சுவரின் நடுவில், தரைக்கு 1 அடி மேலே ஓர் ஈ, அசையாமல். சிலந்தி நூல் விட்டு இறங்கக் கூடாது. ஊர்ந்துதான் போக வேண்டும். மிகக் குறைந்த தூரம் எவ்வளவு? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

1 அடி ஏறி, கூரையில் 30 அடி நடந்து, 11 அடி இறங்கினால் 42. பெரும்பாலும் எல்லாரும் சொல்வது இதுதான். ஆனால் அதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது!

அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்த அறை ஒரு கனச்செவ்வகம். செங்கல், தீப்பெட்டி எல்லாம் இதே இனம்தான். 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள். மூன்று அளவையும் பெருக்கினால் கன அளவு: 4,320 கன அடி. சரி, ஆனால் இதை வைத்துச் சிலந்திக்கு வழி கண்டுபிடிக்க முடியாது.

இப்போது இதைப் பாருங்கள், காலியான பற்பசை டப்பா. ஒட்டியிருக்கிற ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்புகிறேன். இரண்டு பக்க மூடியையும் திறந்துவிட்டு, மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கிறேன். பெட்டி போயிற்று, ஒரே தட்டையான அட்டை! தட்டையான இடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடுதான் குறுக்கு வழி. அவ்வளவுதான் ரகசியம்.

அறையையும் இப்படியே பிரிப்போம். சிலந்தியின் சுவரைக் கூரையோடு ஒட்டிப் போடுங்கள். கூரையை அடுத்துப் பக்கச்சுவர், அப்புறம் தரை, தரையின் மறுமுனையில் ஈ இருக்கும் சுவர். நீளவாக்கில் 1 + 30 + 1, மொத்தம் 32 அடி. குறுக்குவாக்கில் கூரையில் பாதி 6, பக்கச்சுவர் 12, தரையில் பாதி 6, மொத்தம் 24 அடி. பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள்: 1,024 + 576 = 1,600. வர்க்கமூலம் 40!

சிலந்தி அறையின் ஆறு முகங்களில் ஐந்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. சுற்றி வளைத்துப் போவது போலத் தெரிகிறது, ஆனால் 2 அடி மிச்சம். 1903-இல் ஹென்றி டூடனி என்ற ஆங்கிலேயப் புதிர்க்காரர் போட்ட புதிர் இது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அந்த 40 வரும்போது சிலிர்க்கிறது. விடையை முன்பே கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் கட்டாயம் சொல்லுங்கள்!

மற்ற வடிவங்களும் இப்படிப் பிரியுமா? உருளை பிரியும்: டின்னில் ஒட்டிய லேபிளை உரித்தால் செவ்வகம். கூம்பும் பிரியும்: பிறந்தநாள் தொப்பியைப் பிரித்தால் விசிறி.

கோளம் மட்டும் முடியாது. சாத்துக்குடித் தோலை உரித்து மேசையில் அழுத்திப் பாருங்கள், ஓரமெல்லாம் கிழியும். கிழியாமலும் இழுபடாமலும் கோளத்தைத் தட்டையாக்க முடியாது என்பதை 1827-இல் ஜெர்மன் கணித மேதை காஸ் தன் கணிதத்தால் காட்டிவிட்டார். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பல நேரம் ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. கனச்சதுரப் பெட்டி ஒன்றை விளிம்புகளில் வெட்டி, ஆறு சதுரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விரிக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால், மொத்தம் 11 வடிவங்கள்தான் உண்டு. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். சிலுவை வடிவம் எல்லாருக்கும் வரும். மீதி பத்தில் எத்தனை கிடைத்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.