பஸ் காசு இல்லாதவருக்கு இலவச ஆபரேஷன் எதற்கு? அரவிந்த் வளர்ந்த கதை

வணக்கம். மதுரை அண்ணா நகரில் 1976-ல் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். இதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அதே கையால் கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கையோடு, உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு இறங்கினார். அந்த மன உறுதியை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் 11 படுக்கை எப்படிப் பெருகியது?

ஆபரேஷன் தியேட்டருக்குள் போவோம். ஒரு டாக்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசை. முதல் மேசையில் புரையை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவதில் அடுத்தவர் கண்ணைச் சுற்றி துணி போட்டுத் தயாராகப் படுத்திருப்பார். முதல் ஆபரேஷன் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். கை நீட்டினால் வேண்டிய கருவி கையில் இருக்கும். எடுத்துக் கொடுக்கிற பெண்கள் பலரும் கிராமத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, இங்கேயே 2 வருடம் பயிற்சி எடுத்தவர்கள். கண்ணாடி பவர் பார்ப்பது, லென்ஸ் அளவு எடுப்பது, பயந்து வருகிறவரிடம் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. டாக்டரின் நேரம் ஆபரேஷனுக்கே போவதால் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு இறங்குகிறது. பணம் கட்டுகிறவர்கள் கொடுப்பதில் இலவசப் பிரிவும் ஓடுகிறது. எந்தப் பிரிவுக்குப் போவது என்பது நோயாளியின் விருப்பம், வருமானச் சான்று கேட்பதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சரி, இலவசம் என்றதும் கூட்டம் வந்துவிட்டதா? இல்லை! கிராமங்களில் போட்ட கண் பரிசோதனை முகாமில் பார்த்து, ஆபரேஷன் வேண்டும், மதுரைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் பலர் வரவே இல்லை. பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், துணைக்கு வருகிற மகனோ மகளோ கூலியை விட வேண்டும், அப்புறம் தனியாகப் போகிற பயம் வேறு. அதனால் முகாம் முடிந்ததும் அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, ஆபரேஷன் முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போனதில் பயமும் பாதி போனது.

அடுத்து லென்ஸ். அந்தக் காலத்துத் தாத்தா பாட்டிகளின் சோடாபுட்டிக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? புரை விழுந்து மங்கிப்போன கண்ணின் லென்ஸை எடுத்துவிடுவார்கள், அதற்கு ஈடாகத்தான் அந்தத் தடித்த கண்ணாடி. அது உடைந்தால் மறுபடியும் இருட்டு மாதிரிதான். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும், விலை ஏழைக்கு எட்டாது. 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்து, அந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதற்கிடையில் தேனி 1985, திருநெல்வேலி 1988, கோவை 1997, புதுச்சேரி 2003 என்று கிளைகளும் வந்தன. ஆனாலும் கண் சிகிச்சை தேவைப்படும் கிராமத்து ஆட்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வருவதில்லை என்று ஓர் ஆய்வில் தெரிந்தது. இத்தனை வருடம் ஊர் ஊராக முகாம் போட்டவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அதன் பிறகுதான் சின்ன ஊர்களில் விஷன் சென்டர்கள் வந்தன. கடைத்தெருவில் ஓர் அறை, பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து விவரம் அனுப்ப, தொலைவில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் நோயாளியோடு பேசுகிறார். பல பேருக்குக் கண்ணாடி மட்டும் போதும், அதை அங்கேயே வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.