தறியைப் பார்க்காமல் தறி செய்த பாதிரியார்

நேயர்களுக்கு வணக்கம்.

சோமனூர், பல்லடம் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தத் தடக் தடக் சத்தம் தெரிந்திருக்கும். விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும். அந்த விசைத்தறியைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார் என்று தெரிந்த நாளிலிருந்து அவரை நான் விடவில்லை.

பெயர் எட்மண்ட் கார்ட்ரைட். 1743இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், கவிதை எழுதினார், லெஸ்டர்ஷயரில் ஒரு சர்ச்சுக்குப் பாதிரியாராகப் போனார். நாற்பது வயது வரைக்கும் அவ்வளவுதான்.

1784இல் மாட்லாக் என்ற ஊருக்குப் போகிறார். அங்கே மான்செஸ்டர்க்காரர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்துக்கான காப்புரிமை முடிந்துவிட்டால் ஊரெல்லாம் நூல் மில் வந்துவிடும், அத்தனை நூலையும் நெய்ய ஆள் ஏது என்று கவலை. "அப்படியானால் ஆர்க்ரைட்டே நெய்யவும் ஓர் இயந்திரம் செய்யட்டுமே" என்கிறார் நம் பாதிரியார். நடக்கவே நடக்காது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள்.

இவர் விடவில்லை. அப்போது லண்டனில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஓர் இயந்திரம் சதுரங்கமே ஆடுகிறது, துணி நெய்வது அதைவிடக் கஷ்டமா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பொம்மைப் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்து ஆடினான்! அந்தக் குட்டு அன்றைக்கு இவருக்குத் தெரியாது. ஏமாற்று வித்தை ஒன்றைச் சாட்சிக்கு இழுத்து ஒரு நிஜ இயந்திரத்தைத் தொடங்கியிருக்கிறார். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இது அலுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் நெய்வதை அவர் பார்த்ததே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பார்த்ததே இல்லை. பாவை, அதாவது நீளவாட்டு நூலை, பிரிக்க வேண்டும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வேண்டும், அந்தக் குறுக்கு நூலான ஊடையை அடிக்க வேண்டும். மூன்றே அசைவுதானே என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். ஒரு தச்சரையும் கொல்லரையும் வைத்துச் செய்தும் முடித்தார். ஊடையை அடித்து நெருக்கும் அச்சு விழுந்தால் கால் மூட்டை அரிசி விழுகிற கனம். நாடாவைத் தள்ளும் வில், ராக்கெட்டையே வீசுமாம். பலசாலிகள் இரண்டு பேர் சேர்ந்து இயக்கினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே தன்னைக் கிண்டலடித்து எழுதியிருக்கிறார். 1785இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்கள் எப்படி நெய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார். அவர்கள் எவ்வளவு சுலபமாக நெய்கிறார்கள் என்று அசந்துபோனார்.

எங்கள் அப்பா குழித்தறிக்காரர், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து கையால் நெய்தவர். இந்தக் கதையைச் சொன்னபோது, "தறிக்குழியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இந்த ஆசையே வந்திருக்காது" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கஷ்டம் தெரியாததால்தான் துணிந்தார்.

ஆனால் காசு வரவில்லை. டான்காஸ்டரில் அவர் வைத்த ஆலை கடனில் போனது. அவருடைய தறிகளை வாங்கிப் போட்ட மான்செஸ்டர் ஆலை ஒன்று தீக்கிரையானது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று நெசவாளர்கள் முன்பே மிரட்டியிருந்தார்கள். அவர்கள் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். தறியை ஒழுங்காக ஓட வைத்தவர்கள் ஹாராக்ஸ், ராபர்ட்ஸ் என்று பின்னால் வந்தவர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. கம்பளி சீவும் இயந்திரம் ஒன்றும் செய்தார், அதற்கும் எதிர்ப்பு. 1809இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு கொடுத்தது. கென்ட்டில் பண்ணை வாங்கினார். 1823இல் ஹேஸ்டிங்ஸில் இறந்தார். கம்பளிக் கதையை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.