நட்சத்திரச் சூடு போட்ட ஆடுகள்

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஈராக்கின் களிமண் பலகைகள் பற்றிய பேச்சு என்றதும் பழைய காவியம், பிரளயக் கதை எல்லாம் வரும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு ஆட்டுக் கணக்கும் ஒரு திருட்டு வழக்கும்தான்.

தெற்கு ஈராக்கில் ஊருக் என்று ஒரு பழைய நகரம். அங்கே இஷ்தார் தெய்வத்துக்கு ஏயன்னா என்ற பெரிய கோயில். நிலம், பேரீச்சந்தோப்பு, மந்தை என்று ஏகப்பட்ட சொத்து. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே எழுதிய பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பல உள்ளங்கையில் அடங்கிவிடும். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தி எழுதிக் காயவைப்பார்கள். காய்ந்தபின் யாருக்கும் தெரியாமல் ஒரு எண்ணை மாற்றுவது லேசில்லை.

மந்தை இடையர்களின் பொறுப்பு. வருஷத்துக்கு இத்தனை குட்டி, இவ்வளவு கம்பளி என்று பேச்சு, செத்த ஆட்டுக்குத் தோலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், குறைந்ததெல்லாம் இடையர் பேரில் நிலுவையாக ஏறிவிடும். போதாதென்று ஆட்டின் மேலேயே இஷ்தாரின் நட்சத்திரத்தைச் சூடு போட்டுவிடுவார்கள். அந்த நிலுவையை வசூலிக்கக் கோயில் அனுப்பிய ஆளின் பெயர் கிமில்லு. சிவன் சொத்து குல நாசம் என்று நாம் சொல்வோமே, அந்தப் பயமெல்லாம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கி.மு. 538இல், அதாவது பாரசீக அரசன் சைரஸ் பாபிலோனைப் பிடித்த மறு வருஷம், பாபிலோன்காரர்களும் ஊருக் நகரத்தாரும் கூடிய சபை முன்னால், கோயில் மந்தையைத் திருடினான் என்று அவனை நிறுத்தினார்கள். அந்த வழக்கின் பலகை இன்றும் இருக்கிறது. எந்த ஆட்டை யார் மந்தையிலிருந்து ஓட்டிப் போனான், யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகப் போகிறது. ஆட்டின் மேல் நட்சத்திரம் இருக்கும்போது என்ன சொல்லித் தப்பிப்பது? அபராதம் போட்டார்கள், பல மடங்காக: மாடு 92, ஆடு 302, அதற்கு மேல் வெள்ளியும்.

சரி, வேலை போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? போகவில்லை! மேலே யார் பிடி இருந்ததோ, அடுத்த ஆண்டுகளின் பலகைகளிலும் கிமில்லு வருகிறான். அப்புறம் கோயில் நிலங்களையே குத்தகைக்கு எடுக்கிறான். எடுத்துவிட்டு, உழவுக்கு மாடு போதவில்லை, இன்னும் கொடுங்கள் என்று கோயிலிடமே கேட்கிறான். அதையும் களிமண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள்.